லிட்டருக்கு இருபத்திரண்டு

ஜூன் 2, ஞாயிறு

மில்லில் இருந்து ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகிறது. இருபத்தொன்பது வருடம் நூல் பரிசோதனைக் கூடத்தில் இருந்துவிட்டு வரும்போது நான் கேட்டு வாங்கிவந்தது ஒரு எழுதாத ரெஜிஸ்டர் மட்டும்தான். கோடு போட்ட தாள், கெட்டி அட்டை. இன்று அதற்கு வேலை வந்துவிட்டது.

வேலை கொடுத்தது பிக்கோ. எங்கள் சின்னச் சிவப்புக் கார். இரண்டு வருடம் முன்பு வாங்கியது. அதே வாரத்தில் என் கொழுந்தியாள் தமயந்தி வெள்ளை லூமா வாங்கினாள். சிவகிரியில் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை. எதையும் விசாரிக்காமல் வாங்க மாட்டாள். பிக்கோவுக்கு எடை குறைவு, டயர் ஒடுக்கம். லூமாவுக்கு எஞ்சின் கொஞ்சம் பெரிது, ஐந்தாவது கியர் நீளமானது, வேகத்திலும் எஞ்சின் மெதுவாகச் சுற்றும். எது லிட்டருக்கு அதிகம் ஓடும் என்பது இரண்டு வருடமாக எங்கள் குடும்பத்துச் சண்டை. இதுவரை பிக்கோ இருபத்திரண்டுக்குக் கீழே இறங்கியதில்லை. நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று டேங்க் நிரப்பினேன். போன தடவை நிரப்பியதிலிருந்து ஓடிய தூரத்தை, நேற்று பிடித்த லிட்டரால் வகுத்தேன். பதினெட்டு புள்ளி மூன்று. மறுபடி வகுத்தேன். அதேதான்.

ஏன்?

ஜூன் 5

மெக்கானிக் காசிராஜனிடம் விட்டேன். ஏர் ஃபில்டர் சுத்தம். பிளக் சுத்தம். பெட்ரோல் எங்கும் கசியவில்லை. முன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தவன் தேய்ந்த பேடை உருவி என்னிடம் நீட்டினான்.

"சார், பிரேக் பேடு தேஞ்சு போச்சே. ரெண்டு வருசத்துல இப்படித் தேயாதே. மலையில எங்கயும் ஓட்டுறீங்களா?"

"ராஜபாளையத்துக்குள்ளதான்."

"அப்ப கால பிரேக்குலயே வச்சிருக்கீங்க போல."

இருபது வருடமாக ஓட்டுகிறவனிடம் சொல்கிறான். புதுப் பேடு மாட்டச் சொன்னேன். இடது பக்கக் கண்ணாடியும் மாற்றினான். போன மாதம் மாற்றியது, வாசல் தூணில் பட்டு மறுபடி விரிசல் விட்டுவிட்டது. அந்தத் தூணைக் கட்டிய கொத்தனாரைத்தான் சொல்ல வேண்டும்.

ஜூன் 8

டயர் காற்று சரியாக இருக்கிறது. இடது முன் டயரின் பக்கத்தில் சிராய்ப்பு. சாலையோரக் கற்கள்.

ஜூன் 12

பதினேழு புள்ளி ஒன்று. புதுப் பேடு போட்ட பிறகும் இறங்குகிறது.

காலையில் கணக்குப் போடும்போது காப்பி டம்ளர் கையில் தட்டி ரெஜிஸ்டரில் கொட்டிவிட்டது. இரண்டு பக்கம் பழுப்பு. என் மனைவி இந்திராணி துடைத்தாள். அடுத்த காப்பியை என் வலது பக்கம் வைத்தாள். இப்போதெல்லாம் எதையும் வலது பக்கமாகவே வைக்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

தமயந்தி வந்திருந்தாள். லூமா இருபத்தொன்று புள்ளி ஒன்பது கொடுக்கிறதாம். என் கணக்கைக் காட்டாமல் இருக்க முடியவில்லை. காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மாணவனின் விடைத்தாளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"அத்தான், நீங்க எப்ப மூணாவது கியர் போடுவீங்க?"

"தேவைப்படும்போது."

"நான் முப்பதுலயே போட்டுருவேன். அம்பதுல அஞ்சாவது. முன்னால லாரி நிக்கிறது தெரிஞ்சா நூறு அடி முன்னாலயே கால எடுத்துருவேன். வண்டி அதுவா உருண்டு போய் நிக்கும். பிரேக்க மிதிச்சா அவ்வளவு பெட்ரோலும் சூடாத்தான் போகும்."

எனக்கு இயற்பியல் நடத்துகிறாள். சாப்பிட்டுவிட்டு அக்காவும் தங்கையும் பின்கட்டில் வெகு நேரம் பேசினார்கள். நான் போனதும் பேச்சு புடலங்காய்க்கு மாறியது.

ஜூன் 20

பங்க்கில் அளவு சரியில்லையோ என்று ஒரு சந்தேகம். மேலாளரைக் கேட்டேன். முகம் சுளிக்காமல் சீல் வைத்த ஐந்து லிட்டர் அளவுக் குடுவையை எடுத்து வந்து, என் கண் முன்னால் பிடித்துக் காட்டினார். கழுத்தில் கோடு, கோட்டில் பெட்ரோல். ஒரு சொட்டுக் குறையவில்லை. இப்படி நேராக நிரூபிக்கிற மனிதர்களைப் பார்த்தால் எனக்கு மரியாதை வருகிறது.

ஆக, பெட்ரோல் சரி. எஞ்சின் சரி. காற்று சரி. மிச்சம் என்ன இருக்கிறது?

ஜூன் 25

இந்த ஊரில் இரு சக்கர வண்டிக்காரர்கள் வரவர மோசம். எங்கிருந்து வருகிறார்கள் என்றே தெரிவதில்லை. காலியாக இருக்கும் சாலையில் திடீரென்று பக்கத்தில் ஒருவன் முளைக்கிறான். பிரேக் போடாமல் என்ன செய்வது?

இந்திராணி முன் சீட்டில் இருந்துகொண்டு ஓயாமல் சொல்கிறாள்: "லெஃப்ட்ல சைக்கிள்... லெஃப்ட்ல ஆட்டோ... லெஃப்ட்ல ஒரு பாட்டையா போறாரு." அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கடைத்தெரு வந்ததும் சத்தம் போட்டுவிட்டேன். அதன் பிறகு வாயால் சொல்லவில்லை. ஆனால் வீடு வரும் வரை அவள் கை ஹேண்ட் பிரேக்கின் மேலேயே இருந்தது.

ஜூன் 30

பதினைந்து புள்ளி எட்டு.

மில்லில் ஒரு முறை பதினான்காம் மெஷினில், அறுந்த நூலை விரலால் முறுக்கி ஒட்டிய பிறகும் மறுபடி மறுபடி அறுந்தது. எஞ்சினியர் ஒவ்வொரு பாகமாக மாற்றினார். பலனில்லை. நான்தான் சொன்னேன்: மெஷினை விட்டுவிடுங்கள், ஆளை மாற்றிப் பாருங்கள். பதினான்கில் இருந்த குருசாமியை ஒன்பதுக்கும், ஒன்பதில் இருந்தவரைப் பதினான்குக்கும் போட்டோம். மறுநாள் ஒன்பதில் நூல் அறுந்தது. குருசாமிக்குச் சர்க்கரை வியாதியில் விரல் நுனி மரத்துப்போயிருந்தது. அவருக்கே தெரியாது. வேறு வேலைக்கு மாற்றினார்கள். அதன் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

அந்தச் சோதனையை இங்கே செய்யலாம். ஒரே நாள், ஒரே சாலை. தமயந்தி பிக்கோவை ஓட்டட்டும், நான் லூமாவை ஓட்டுகிறேன். பிக்கோவில் ஏதோ கோளாறு என்பது அவள் கையிலேயே தெரிந்துவிடும்.

ஜூலை 7, ஞாயிறு

சோதனை முடிந்தது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஆறரைக்கு தென்காசி ரோட்டுப் பங்க்கில் கூடினோம். ஒரே குழாயில் இரண்டு வண்டிக்கும் தானாக நிற்கிற வரை நிரப்பினோம். டயர் காற்றை நானே பார்த்தேன். ஏசி கிடையாது, ஜன்னல் பாதி திறப்பு. தென்காசி போய்த் திரும்புவது என்று முடிவு. தமயந்தியும் என்னைப் போலத்தான், சோதனை என்றால் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். பள்ளிக்கூட நோட்டில் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டாள்.

இந்திராணி, "நான் தமயந்தி கூட வாறேன்" என்றாள். பேச ஆள் வேண்டுமாம். நான் தனியாக லூமாவில் முன்னே போனேன். அவர்கள் பின்னால் வந்தார்கள்.

லூமா நல்ல வண்டி, ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்டியரிங் இலேசு. சீட் உயரம். ஆனால் சாலையில் கூட்டம். வாசுதேவநல்லூரில் இரண்டு பைக், புளியங்குடியில் ஒரு மாட்டு வண்டி, கடையநல்லூரில் ஒரு பஸ் உரசுகிற மாதிரி. எல்லாரும் இடது பக்கத்திலிருந்தே வந்தார்கள்.

தென்காசியில் டிபன் சாப்பிட உட்கார்ந்தோம். தமயந்தி தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்: "அத்தான், ஏன் லூமா பிரேக் லைட் அணையவே மாட்டேங்குது?"

"அணையாமலா? பல்பு ஏதும் கோளாறா?"

"பல்பு நல்லா இருக்கு. வாசுதேவநல்லூர்ல இருந்து புளியங்குடி வரைக்கும் எண்ணிக்கிட்டே வந்தேன். நாப்பத்தொரு தடவ மிதிச்சிருக்கீங்க."

"டிராஃபிக் அப்படி."

"அதே டிராஃபிக்லதான் நானும் வந்தேன். எனக்கு ஆறு தடவதான் தேவப்பட்டுச்சு."

இந்திராணி தங்கையின் காலை மேசைக்கு அடியில் மிதித்தாள் என்று நினைக்கிறேன். தமயந்தி சாம்பார் கேட்டாள்.

திரும்பும்போது அவர்கள் முன்னே போனார்கள். பங்க்கில் மறுபடி நிரப்பினோம். தூரம் நூற்றிருபத்தொரு கிலோமீட்டர். பிக்கோ குடித்தது ஐந்து புள்ளி நான்கு லிட்டர். லூமா ஏழு புள்ளி ஏழு.

தமயந்தி கையில் பிக்கோ இருபத்திரண்டு புள்ளி நான்கு. என் கையில் லூமா பதினைந்து புள்ளி ஏழு.

அவள் ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அதுதான் எனக்கு என்னவோபோல் இருந்தது. நோட்டை மூடிவிட்டு, "வாறேன் அத்தான்" என்று மட்டும் சொன்னாள்.

ஜூலை 8

கோளாறு வண்டியோடு போகவில்லை.

ஜூலை 10

காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. மலைக் கணவாயிலிருந்து வருகிற காற்று இந்த மாதத்தில் பலமாக இருக்கும். மேலும் லூமா எனக்குப் பழகாத வண்டி. ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவு சொல்வது சரியான முறை இல்லை. மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். என் வண்டியில், நானே, அதே சாலையில், கியரை அவள் சொன்ன மாதிரி மாற்றி, பிரேக்கைத் தொடாமல்.

இந்திராணி வேண்டாம் என்றாள். காரணம் கேட்டதற்கு, சும்மாதான் என்றாள். பிறகு தானும் வருவதாகச் சொன்னாள்.

ஜூலை 14, ஞாயிறு

சோதனை முடியவில்லை. புளியங்குடி தாண்டி ஒரு மொபெட்காரி குறுக்கே வந்துவிட்டாள். யாருக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஜூலை 15

நேற்று எழுதியது பொய். அடிக்காமல் அப்படியே விடுகிறேன். ரெஜிஸ்டரில் அடித்தல் திருத்தல் கூடாது என்பது மில் வழக்கம். தப்பான பதிவுக்குக் கீழே சரியானதை எழுத வேண்டும்.

நடந்தது இது. நான் பிரேக்கில் கால் வைக்கக்கூடாது என்ற பிடிவாதத்தில் போய்க்கொண்டிருந்தேன். சாலை காலியாக இருந்தது. என் கண்ணுக்குக் காலியாக இருந்தது. இந்திராணி "ஐயோ" என்று ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். இடது பக்கம் ஒரு தட்டுச் சத்தம். இறங்கிப் பார்த்தால் மொபெட் சாய்ந்து கிடக்கிறது, சாக்கு கிழிந்து சாலை முழுக்க எலுமிச்சம்பழம். முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் எழுந்து நின்று முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோல் வழன்று ரத்தம் கசிந்தது. நல்லவேளை, அவ்வளவுதான்.

நான்தான் முதலில் கத்தினேன். "பாத்து வரக் கூடாதாம்மா? இப்படியா குறுக்க வருவ?"

டீக்கடையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். சட்டையை இன் பண்ணிய, நரைத்த தலைக்காரனான நான் சொல்வதைத்தான் கேட்டார்கள். "பொம்பளைக்கு எதுக்கு வண்டி" என்றான் ஒருவன். அவள் புருஷனுக்கு யாரோ போன் செய்தார்கள். எலுமிச்சைக் கமிஷன் கடையில் எடை போடுகிறவராம், சுடலைமுத்து என்று பெயர். சைக்கிளில் வந்தார். வந்ததும் கேட்காமலே, "நூறு தடவ சொல்லியிருக்கேன் ஒனக்கு" என்று மொபெட் சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "மன்னிச்சிருங்க ஐயா. நான் நேராத்தான் போனேன்னு நெனச்சேன். கவனிக்கல போல."

நான் பரவாயில்லை என்றேன். பரவாயில்லை என்று பெருந்தன்மையாகச் சொன்னேன்.

இன்று காலை கீரை ஆய்ந்துகொண்டிருந்த இந்திராணி தலை நிமிராமல் சொன்னாள்.

"அவ குறுக்க வரலங்க."

"என்ன?"

"ரொம்ப நேரமா நமக்கு முன்னாலதான் ஓரத்துல போய்ட்டிருந்தா. மஞ்சச் சேல. ஒரு கிலோமீட்டரா நான் பாத்துக்கிட்டே வந்தேன். நீங்களும் பாப்பீங்கன்னு நெனச்சேன்."

கொஞ்ச நேரம் எனக்குக் கீரைக்கட்டின் வாழைநார் மட்டும்தான் தெரிந்தது.

"அப்ப ஏன் அங்கயே சொல்லல?"

"ஊருக்கு முன்னால உங்கள எப்படிச் சொல்ல?" என்றாள். பிறகு, "அதுவும் தப்புதான்" என்றாள்.

மஞ்சள் சேலை. ஒரு கிலோமீட்டர். நான் பார்க்கவே இல்லை.

ஜூலை 16

என் அப்பாவுக்கு அறுபத்திரண்டு வயதில் இரண்டு கண்ணும் போயிற்று. கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி நரம்பு செத்துப்போகிற வியாதி. வலி கிடையாது. பிள்ளைகளுக்கும் வரலாம், நாற்பது வயதிலிருந்து வருடம் ஒரு தடவை பரிசோதிக்க வேண்டும் என்று அப்போதே டாக்டர் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு இப்போது ஐம்பத்தெட்டு. ஒரு தடவைகூடப் போகவில்லை.

இதை இந்திராணியிடம் இன்று சொன்னேன். "எனக்குத் தெரியும். உங்க அக்கா நமக்குக் கல்யாணமான புதுசுலயே சொல்லிட்டாங்க" என்றாள்.

ஜூலை 18

இன்று ஒரு சோதனை செய்தோம். எப்படி என்று எழுதிவைக்கிறேன்.

படுக்கையறைப் பச்சைச் சுவரில் சாக்பீஸால் ஒரு புள்ளி. நான் மூன்றடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு புள்ளியையே பார்ப்பது. இந்திராணி ஒரு குச்சியின் நுனியில் சிவப்புப் பொட்டை ஒட்டி, சுவரின் ஓரத்திலிருந்து மெதுவாக உள்ளே கொண்டுவருவது. பொட்டு தெரிந்ததும் நான் "இப்போ" என்று சொல்ல வேண்டும். அங்கே அவள் ஒரு கோடு போடுவாள். இப்படிச் சுற்றிலும் முப்பத்தாறு திசையில்.

வலது பக்கம் பொட்டு சுவரின் விளிம்பிலேயே தெரிந்தது. மேலேயும் ஓரளவு. இடது பக்கம் வந்ததும் நான் காத்திருந்தேன். இந்திராணி நின்றுவிட்டாள் என்று நினைத்தேன்.

"கொண்டு வா."

"கொண்டு வந்துட்டுதான் இருக்கேன்."

"எங்க?"

"உங்க புள்ளிக்கு ஒரு சாண் பக்கத்துல இருக்கு."

நான் அப்போதும் வெறும் பச்சைச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பாக இல்லை. மங்கலாக இல்லை. ஓட்டை மாதிரி இல்லை. நல்ல, முழுச் சுவர். அவள் கையும் குச்சியும் அங்கே இருந்தன, என் கண் அங்கே சுவரை வரைந்து வைத்திருந்தது. பயம்தான், ஆனால் பயம் மட்டும் இல்லை. நமக்குள்ளேயே இப்படி ஒரு மோசடி இத்தனை நேர்த்தியாக நடக்கிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. மறுபடி கொண்டுவரச் சொன்னேன். ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் பொட்டு ஒன்றுமில்லாததிலிருந்து பிறந்து வந்தது.

அடுத்து இடது கண்ணைப் பொத்தி வலதைச் சோதித்தோம். அதிலும் அதே இடது பக்கம் ஒரு குழி இருந்தது. இதைவிடச் சிறியது.

முடிந்ததும் எழுந்து விலகி நின்று பார்த்தேன். ஒரு பக்கம் கடித்த பிஸ்கட் மாதிரி இருந்தது சுவரில். அப்படியே சதுரத் தாளில் அளந்து வரைந்தேன். வரைந்துகொண்டிருக்கும்போது இந்திராணி சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகு நேரம் தண்ணீர் ஓடியது. பாத்திரம் எதுவும் உருளவில்லை.

ஜூலை 22

மதுரைக்கு பஸ்ஸில் போனோம். கண் ஆஸ்பத்திரியில் காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை.

ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்க வேண்டும். உள்ளே குட்டிக் குட்டி வெளிச்சம் வந்து போகும். தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். "ஐயா, தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க" என்று அங்கிருந்த பெண் இரண்டு தடவை சொன்னாள். இரண்டாவது தடவைக்குப் பிறகுதான் நான் ஒழுங்காகச் செய்தேன்.

டாக்டர் நாற்பது வயதுக்காரர், பேச்சில் அவசரம் இல்லை. அச்சான படத்தை மேசையில் வைத்தார். நான் என் சதுரத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத யார் சார் எடுத்தது?"

"நானும் என் சம்சாரமும். வீட்டுச் சுவத்துல."

"கிட்டத்தட்ட அதே வடிவம்" என்றவர், பிறகு என்னைப் பார்த்து, "போனது திரும்ப வராது சார்" என்றார். "இருக்கிறத வச்சுக்கலாம். கண்ணுல பிரஷர் முப்பத்திநாலு இருக்கு, இருபத்தொண்ணத் தாண்டக் கூடாது. சொட்டு மருந்து தினமும், ஒரு வேளைகூட விடக் கூடாது. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கார் மைலேஜ் குறைஞ்சது."

அவர் சிரிக்கவில்லை. முழுக்கச் சொல்லச் சொன்னார். வெளியே கூட்டம் காத்திருந்தது. ஆனாலும் சொன்னேன். பிரேக் லைட் எண்ணிய கதை வரைக்கும். தெரியாத பக்கத்திலிருந்து ஆள் வந்து வந்து பயந்த காலுக்கு, மனதுக்கு முன்பே விஷயம் தெரிந்திருக்கிறது என்றார். அதனால்தான் அது பிரேக்கை விட்டு வரவில்லையாம்.

"இனிமே ஓட்டாதீங்க" என்றார் கடைசியில்.

"சரி" என்றேன்.

பஸ்ஸில் திரும்பும்போது கிருஷ்ணன்கோவிலில் வண்டி நின்றது. இந்திராணி வேர்க்கடலை வாங்கினாள்.

ஜூலை 23

சொட்டு மருந்து எரிகிறது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

தமயந்தி வந்தாள். பிக்கோவை விற்றுவிடலாம், கேட்கிற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார் என்றாள். நல்ல வண்டி என்று அவளே சான்று கொடுப்பாளாம். நான் சாவியை எடுத்து மேசையில் வைத்தேன். இனி ஓட்டுவதில்லை என்று சொல்வது எளிதாகத்தான் இருந்தது. சாவியிலிருந்து கையை எடுக்கத்தான் முடியவில்லை.

இந்திராணி உள்ளேயிருந்து வந்தாள். "விக்க வேண்டாம்."

"பின்ன யாரு ஓட்ட?" என்றேன்.

"நான் படிக்கேன்."

"ஐம்பத்தி நாலு வயசுல?"

"ஏன், ஐம்பத்தி நாலு வயசுக்காரி ஓட்டுனா பெட்ரோல் எரியாதா?"

தமயந்தி கை தட்டினாள், பள்ளிக்கூடத்தில் தட்டுவதுபோல.

ஆகஸ்ட் 19

இந்திராணிக்குப் பழகுநர் உரிமம் வந்துவிட்டது. பயிற்சிப் பள்ளிக்கும் போகிறாள், மாலையில் தமயந்தியும் சொல்லிக்கொடுக்கிறாள். நான் பின் சீட். பின் சீட்டில் இருந்தால் எஞ்சின் சத்தம் நன்றாகக் கேட்கிறது. கியர் மாற்ற வேண்டிய இடம் காதுக்கே தெரிகிறது. இரண்டு தடவை சொல்லிவிட்டேன். மூன்றாவது தடவை, "இறங்கி நடந்து வாறீங்களா?" என்றாள்.

செப்டம்பர் 3

பதிமூன்று புள்ளி ஆறு. கற்றுக்கொள்கிறவள் கணக்கு இது, யாரோடும் ஒப்பிடக் கூடாது என்று தமயந்தி உத்தரவு.

செப்டம்பர் 12

ஜூலை பதினான்காம் தேதியை இன்று மறுபடி படித்தேன். ரெஜிஸ்டரில் கீழே சரியானதை எழுதிவிட்டேன். ஆனால் அந்தப் பெண் இந்த ரெஜிஸ்டரைப் படிக்கப் போவதில்லை. அவள் இன்னமும் தான்தான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பாள். அவளைச் சுற்றி நின்றவர்களும் அப்படியே.

இந்திராணியிடம் சொன்னேன். "ஞாயித்துக்கெழம போவோம்" என்றாள். இரண்டு மாதமாக நான் எப்போது சொல்வேன் என்று காத்திருந்தவள் மாதிரி இருந்தது.

செப்டம்பர் 15, ஞாயிறு

போய் வந்தோம். இந்திராணி ஓட்டினாள், தமயந்தி பக்கத்தில், நான் பின்னால். கண்ணாடியில் சிவப்பு எல். ஊருக்கு வெளியே அவள் இவ்வளவு தூரம் ஓட்டுவது இதுவே முதல் தடவை.

புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் கடைகள் ஒரே தெருவில்தான். இரண்டாவது கடையில் கேட்டதும் சுடலைமுத்துவைக் காட்டினார்கள். தராசுக்குப் பக்கத்தில் சாக்கைத் தூக்கிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டதும் முகம் மாறியது. வண்டிக்கு ஏதோ சேதம், கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

"ஐயா, அவ இப்பல்லாம் வண்டி எடுக்கது இல்ல. சாவிய நாந்தான் வச்சிருக்கேன்" என்றார் அவசரமாக.

"உங்க வீட்டம்மா எங்க?"

"முப்பிடாதி!" என்று கூப்பிட்டார். ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு சாக்கை இடுப்பில் சாய்த்து இறக்கிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்குப் பார்த்த அதே பெண். முழங்கையில் தழும்பு பளபளத்தது. தோப்பிலிருந்து தினமும் நான்கு நடை மொபெட்டில் கொண்டுவந்தவள், இப்போது ஆட்டோவுக்குக் காத்திருந்து இரண்டு நடைதான் வருகிறாளாம். இது பிறகு இந்திராணி கேட்டுத் தெரிந்துகொண்டது.

நான் வரும் வழியில் என்ன சொல்வது என்று கோத்துவைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது.

"அன்னைக்கு நீ குறுக்க வரலம்மா. நேராத்தான் போன. நான்தான் உன்னப் பாக்கல."

தராசுக்காரர்கள் இரண்டு பேர் வேலையை நிறுத்தினார்கள்.

"எனக்குக் கண்ணுல வியாதி. இடது பக்கம் தெரியாது. அது அப்ப எனக்கே தெரியல. ஆனா தெரியாததுக்கு உன்னக் கத்துனேன். ஊரு முன்னால கத்துனேன். அதனாலதான் ஊரு முன்னால சொல்ல வந்தேன்."

முப்பிடாதி என்னைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள்.

"நான் சொன்னேன்ல? நேராத்தான் போனேன்னு சொன்னேன்ல?"

"சொன்ன" என்றார் சுடலைமுத்து.

"ரெண்டு மாசமா எனக்கே சந்தேகம் வந்திருச்சு. ரோட்டுல நடக்கையிலகூட நேராத்தான் போறேனான்னு கீழ பாத்துப் பாத்துப் போறேன்." பிறகு புருஷனிடம் கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே இருந்தது. சுடலைமுத்து தராசைப் பார்த்தார், கடைக்காரரைப் பார்த்தார், சட்டைப் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "கண்ணுக்கு மருந்து ஊத்துறீங்களா ஐயா?"

"ஊத்துறேன்."

"விடாம ஊத்துங்க." கொஞ்சம் யோசித்தாள். "நீங்க கத்துனது எனக்கு மறக்காது. ஆனா வந்தீங்க."

அதற்குமேல் அவளிடம் நான் எதிர்பார்க்க உரிமை இல்லை. வணக்கம் சொல்லிவிட்டுக் காருக்கு வந்தேன்.

தெரு ஒடுக்கம். பிக்கோவைத் திருப்ப வேண்டும். இந்திராணி ரிவர்ஸ் எடுத்தாள், வண்டி குலுங்கி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தாள், மறுபடி நின்றது. இப்போது கார் தெருவுக்குக் குறுக்கே நின்றுகொண்டிருந்தது. ஒரு பக்கம் மினி பஸ், மறுபக்கம் எலுமிச்சை ஏற்றிய டெம்போ. இரண்டும் ஹாரன் அடித்தன. "அக்கா, கிளட்ச்ச மெதுவா விடு" என்றாள் தமயந்தி. இந்திராணியின் கழுத்தில் வியர்வை ஓடுவது பின் சீட்டிலிருந்து தெரிந்தது. மூன்றாவது தடவையும் நின்றது. மினி பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "இதெல்லாம் வண்டி எடுக்கலன்னு யார் அழுதா?" என்று கத்தினார்.

முப்பிடாதி கடையிலிருந்து இறங்கி வந்தாள். நேராகத் தெரு நடுவில் போய், மினி பஸ்ஸுக்கு முன்னால் நின்று, சாவி இருந்த கையை உயர்த்திக் காட்டினாள். டெம்போவுக்கு மற்றக் கையை.

"நில்லுங்க. படிச்சிக்கிட்டு இருக்காங்க."

பஸ்காரர் இன்னொரு முறை ஹாரன் அடித்தார். அவள் அசையவில்லை. எங்கள் பக்கம் திரும்பி, "அவசரமே இல்லக்கா, மெதுவா எடுங்க" என்றாள்.

இந்திராணி முந்தானையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு நான்காவது முறை சாவியைத் திருகினாள்.